ஏற்காட்டு மலைக் கிராமங்களில் மனநலச் சேவைக்கு ஊராட்சிப் பணம் கிடைக்குமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாகலூர் பக்கத்து மலைக் கிராமத்தைச் சேர்ந்த தங்கை ஒருவர், சமூகப் பணியில் முதுகலை முடித்தவர், கேட்கிறார்: "அமெரிக்காவில் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகங்கள் ஒவ்வொரு சமூகத்தின் பண்பாட்டுக்கும் ஏற்ற மனநலச் சேவைக்குத் தனியாகப் பணம் ஒதுக்குகின்றன என்று படித்தேன். எங்கள் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஊராட்சி அப்படிச் செய்ய முடியுமா? பணம் எங்கிருந்து வரும், யாரிடம் போய் நிற்பது?"

முடியும். ஆனால் 'மனநலம்' என்று பெயர் எழுதிய உண்டியல் எந்த ஊராட்சியிலும் கிடையாது. நான்கைந்து இடத்தில் சில்லறையாகக் கிடக்கும் பணத்தைச் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அதில் ஒரு பகுதி, சம்பளம் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வருவது. மனநலச் சேவைக்கோ ஆள்தான் முக்கியம். சிக்கலே இங்கேதான். மாவட்டத்தில் மனநல சமூகப் பணியாளராகப் பல வருடம் முகாம் முகாமாக அலைந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது பெரும்பாலும் கலிபோர்னியா கதையாக இருக்கும். 2004இல் அங்கே மக்கள் வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்குக் கூடுதலாக 1 சதவீத வரி. அந்தப் பணம் மனநலத்துக்கு மட்டும்தான், பெரும்பகுதி கவுன்டிகளுக்குப் போகும். கவுன்டி தன் திட்டத்தை மக்களைக் கூட்டிக் கேட்டுத் தயாரிக்க வேண்டும், வரைவை 30 நாள் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். ஃப்ரெஸ்னோ கவுன்டியில் இந்தப் பணத்தில் நடந்த வேலைகளில் ஒன்று, லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் மக்களுக்கான தோட்டம். ஆலோசனை அறையில் வாய் திறக்காத ஒரு பாட்டி, பாத்தி கட்டும்போது பேசுவார் என்பதுதான் கணக்கு. சரி, அங்கேயும் இது கல்லில் எழுதிய ஏற்பாடு இல்லை. 2024 மார்ச்சில் இன்னொரு வாக்கெடுப்பு நடத்தி, அந்த நிதியில் 30 சதவீதத்தை வீட்டு வசதிப் பக்கம் திருப்பிவிட்டார்கள். நமக்கு அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது தோட்டமும் மக்களைக் கேட்கும் முறையும்தான். வரி நம் கையில் இல்லை.

இன்னொன்றையும் முதலில் பேசிவிட வேண்டும். 'பண்பாட்டுக்கு ஏற்ற சேவை' என்றதும் அதிகாரிகள் மொழிபெயர்ப்பாளரைத்தான் நினைப்பார்கள். வெளிமாவட்டத்திலிருந்து புதிதாக வந்த ஓர் அதிகாரி, கோப்பில் 'மலையாளி' என்று பார்த்துவிட்டு, "மலையாளம் தெரிந்த ஆலோசகர் ஒருவரைக் கேட்டு எழுதட்டுமா?" என்று நல்ல மனதோடு என்னிடம் கேட்டார். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்து மூன்று மலையில் குடியேறிய கதையை அவருக்குச் சொல்லி, இவர்கள் பேசுவது நம் தமிழ்தான் என்று புரியவைக்க ஒரு டீ நேரம் ஆயிற்று. மொழி ஒன்றுதான் என்பதாலேயே, தனியாக எதற்குச் சேவை என்ற கேள்வி வரும். கீழே சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறதே, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் போயிற்று என்பார்கள்.

அதற்குப் பதிலாக நான் ஒரு நாளைச் சொல்வது வழக்கம். மலையில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் முகாம். நாற்பது வயதுப் பெண் ஒருவர், கொசுவத்தைத் தூக்கிச் செருகியபடி, வேலைக்குப் போகிற கோலத்திலேயே வந்திருந்தார். டாக்டர் இளைஞர், கெட்டிக்காரர். "மனசு சோகமா இருக்காம்மா?" "இல்லைங்க." "அழுகை வருதா?" "இல்லைங்க." "எதிலும் ஆர்வம் இல்லாம இருக்கா?" அந்தப் பெண் சிரித்துவிட்டார். ஆர்வம் என்ற சொல்லே அவருக்கு வேடிக்கை. டாக்டர் 'குறிப்பிடத்தக்க அறிகுறி இல்லை' என்று எழுதப் போனார். பக்கத்தில் நின்ற, ஊரில் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பணியாளர், அதே ஊர்க்காரர், மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்கக்கா, அந்தக் காத்து இன்னும் வருதா?" அவ்வளவுதான், அருவி மாதிரிக் கொட்டியது. மகன் கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போனவன் போன் எடுப்பதில்லை. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு. நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது. வாசலில் யாரோ நிற்கிற மாதிரித் தோன்றுகிறது. இரண்டு முறை மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று. சோகம் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு மருந்து எழுதினார்.

மருந்து கேட்டது. ஆனால் அடுத்த மாதம் அவர் வரவில்லை. நவம்பர், காப்பிப் பழம் பறிப்பு ஆரம்பம், ஒரு நாள் முகாமுக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. பண்பாடு என்று நான் சொல்வது இந்த இரண்டையும்தான்: 'காத்து' என்ற சொல் தெரிந்த ஒருத்தர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது ஒன்று, நாள்காட்டியைக் காப்பிச் செடி தீர்மானிக்கிறது என்று தெரிந்து முகாம் தேதி வைப்பது இன்னொன்று. இரண்டுக்குமே பெரிய பணம் வேண்டாம்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18ஆவது பிரிவு. மனநலச் சேவை பெறுவது உரிமை என்று மட்டும் அது சொல்லவில்லை. கட்டுப்படியாகும் செலவில், போய்வரக்கூடிய தூரத்தில், சாதி, மதம், பண்பாடு என்ற பாகுபாடு இல்லாமல், நோயாளியும் குடும்பத்தாரும் ஏற்றுக்கொள்ளும் விதத்தில் தர வேண்டும் என்கிறது. 'ஏற்றுக்கொள்ளும் விதத்தில்' என்பதைத்தான் நீங்கள் மனுவில் அடிக்கோடிட வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இலவசம். அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவ இடங்களிலும் எப்போதும் இலவசமாக இருக்க வேண்டும்.

இப்போது பணத்துக்கு வருவோம்.

பெரிய பணம் மாவட்ட மனநலத் திட்டத்தில் இருக்கிறது. 1996இல் நாட்டில் நான்கே மாவட்டங்களில் தொடங்கியது, இப்போது தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் உண்டு. தேசிய நலவாழ்வுக் குழுமம் வழியாக மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் வருகிறது. ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 83.2 லட்சம் ரூபாய் வரை என்பது அதன் உச்சவரம்பு. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் சம்பளம் எல்லாம் இதில்தான். ஊராட்சிக்கு இதில் ஒரு பைசாவும் அதிகாரம் இல்லை. ஆனால் குழு எந்த ஊருக்கு, எந்தக் கிழமை வருவது என்பதைப் பேசி மாற்ற முடியும். இதை யாரும் கேட்பதே இல்லை, அதனால் தார்ச் சாலை முடியும் ஊரோடு வண்டி திரும்பிவிடுகிறது.

அடுத்தது ஊராட்சியின் கையில் நேராக வருவது. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு 2021–26க்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவு என்று கட்டிப்போட்ட பணம். மீதி 40 சதவீதம் கட்டில்லாத நிதி. அரசியல் சட்டத்தின் 11ஆவது அட்டவணையில் உள்ள 29 துறைகளில், ஊரின் தேவைக்கு எதற்கும் செலவழிக்கலாம். அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 23ஆவது, ஆரம்ப சுகாதார நிலையம் உட்பட மக்கள் நல்வாழ்வு. 26ஆவது சமூக நலம். 27ஆவது நலிந்த பிரிவினர், குறிப்பாகப் பட்டியலினத்தார், பழங்குடியினர் நலம். மூன்றுக்குள்ளும் உங்கள் வேலை அடங்கும். ஒரே தடை, சம்பளமும் அலுவலகச் செலவும் கூடாது. சதவீதம் ஒவ்வொரு நிதிக்குழுவுக்கும் மாறும், 2026–31க்கு 16ஆவது குழு. எனவே மனு எழுதும் நாளில் நடப்பில் உள்ள அரசாணையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊராட்சியின் சொந்த வருமானம், அதாவது வீட்டு வரி, தொழில் வரி எல்லாம் சேர்கிற முதல் கணக்கு, இருப்பதிலேயே சுதந்திரமான பணம். ஆனால் சமமான பணம் இல்லை. விடுதிகளும் பங்களாக்களும் இருக்கும் பக்கத்து ஊராட்சிக்கு வரி வரும். மலைக்குள்ளே தள்ளிப் போனால் வரி போட என்ன இருக்கிறது? தேவை எங்கே அதிகமோ அங்கே கணக்கு காலி. ஏற்காடு ஒன்றியத்தில் இருப்பதே 9 ஊராட்சிகள். 9 பேரும் தனித்தனியாகக் கேட்பதைவிட ஒன்றியப் பொது நிதியில் ஒரே வேலையாகப் போடச் சொல்வதுதான் சரி என்பது என் கருத்து. ஒரே ஜீப் 9 ஊராட்சிக்கும் சுற்றலாம்.

சின்னப் பணம் ஒன்று உண்டு, அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கிராம சுகாதாரக் குழு. ஊராட்சித் தலைவர் தலைவராகவும், கிராம சுகாதார செவிலியர் கூட்டுபவராகவும் இருப்பது. ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்டில்லாத நிதி. பல ஊரில் இது பிளீச்சிங் பவுடராகக் கரைந்துவிடும். ஒரு வருடம் அதில் மூவாயிரத்தைப் பிரித்து, தனியாக மருந்து வாங்க முடியாதவர்களின் பஸ் செலவுக்கு வைத்த செவிலியர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வருடம் அந்த ஊரில் மருந்தை நடுவில் நிறுத்தியவர் ஒருவர்கூட இல்லை.

கடைசியாகப் பழங்குடி நலப் பணம். இங்கே ஒரு குழப்பம் தீர வேண்டும். சிலர் பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான பெசா சட்டத்தைச் சொல்லி, பழங்குடி கிராம சபைக்குத் தனி அதிகாரம் உண்டு என்பார்கள். அது அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் அறிவித்த பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் அப்படி எந்தப் பகுதியும் அறிவிக்கப்படவில்லை, ஆகவே அந்தச் சட்டம் இங்கே செல்லாது. ஏற்காடு தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பது வேறு விஷயம். ஆனால் ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டப் பகுதியில் ஏற்காடு இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்ட நிதியைத் திசைமாற்றாமல் அவர்களுக்கே செலவழிக்க 2024இல் மாநிலச் சட்டமும் வந்துவிட்டது. பெஞ்சில் உட்காரும் அந்த உள்ளூர்ப் பெண்ணுக்கான மாத ஊதியத்தை நான் இங்கேதான் கேட்பேன். ஊராட்சிப் பணத்தில் மாதா மாதம் ஒருவருக்கே கொடுத்தால், என்ன பெயர் போட்டாலும் தணிக்கைக்காரர் அதைச் சம்பளம் என்றுதான் படிப்பார். அவர் படிப்பதில் தப்பும் இல்லை.

எவ்வளவு கேட்பது? என் கைக்கணக்கு இது. மாதம் ஒரு முகாம். ஜீப் வாடகை 3,000. டீ, பன் 600. நோட்டு, கார்டு 200. அன்று உதவிக்கு நிற்கும் இரண்டு பெண்களுக்கு நாள்படி 500 வீதம் 1,000. ஆக 4,800, வருடத்துக்கு 57,600 ரூபாய். மலையில் ஒரு சின்னச் சந்துக்கு சிமென்ட் போடுகிற காசுகூட இல்லை. கட்டடம் மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் உடனே கொடுத்துவிடுவார்கள், அதுதான் ஆபத்து. கட்டடத்துக்கு ஒப்பந்தம் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. உள்ளே உட்கார ஆள் மட்டும் இருக்க மாட்டார்.

தீர்மானத்தின் வாசகத்தில் கவனம் வையுங்கள். நானே பட்டது. ஒரு கிராம சபையில் "மனநல முகாம் நடத்த" என்று கைதூக்கி நிறைவேற்றினோம். எழுதியவர் நோட்டில் "மனவளர்ச்சி குன்றியோர் முகாம்" என்று எழுதிவிட்டார். அவருக்கு இரண்டும் ஒன்று. அந்தத் தாள் ஓர் அலுவலகத்திலிருந்து மாற்றுத்திறனாளிகள் பிரிவுக்குப் போய், அங்கிருந்து "எத்தனை பேருக்கு அடையாள அட்டை உள்ளது?" என்ற கேள்வியோடு திரும்பி வர நான்கு மாதம். பறிப்புக் காலமே முடிந்துவிட்டது. நோட்டில் எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள், படித்துக் காட்டச் சொல்லுங்கள், கையெழுத்துக்கு முன் செல்போனில் படம் எடுங்கள்.

ஊரில் தட்டி வைக்கும்போது மட்டும் இதற்கு நேர்மாறு. நாற்பது வீடு இருக்கும் ஊரில் 'மனநல முகாம்' என்று எழுதித் தொங்கவிட்டால் அதன் கீழே யார் வந்து நிற்பார்கள்? பெண் கேட்டு வர மாட்டார்கள் என்ற பயம். நாங்கள் 'தூக்கமின்மை, தலைவலி, குடிப்பழக்கம்' என்று எழுதிய நாளில்தான் கூட்டம் வந்தது. குடி என்று எழுதியதும் பெண்கள்தான் முதலில் வந்தார்கள், புருஷனைப் பற்றிச் சொல்ல.

பெரியவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஊர்க்கவுண்டரிடம் சொல்லாமல் முகாம் போட்டால் முகாம் நடக்கும், ஆள் வராது. பூசாரியிடமும் பேசலாம். கயிறு கட்டட்டும், கூடவே மாத்திரையும் போடட்டும் என்று அவரே சொன்னால் நான் பத்து முறை சொல்வதற்குச் சமம். ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா இருக்கும் ஏர்வாடியில் பின்னாளில் பிரார்த்தனையோடு மருந்தையும் சேர்த்தது இதே யோசனைதான். ஆனால் அது எதற்குப் பின் வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 சட்டத்தின் 95ஆவது பிரிவு சொல்கிறது. 'எங்கள் வழக்கம்' என்று யாராவது கட்டிவைத்தாலோ, வேப்பிலையால் அடித்தாலோ, கல்யாணம் பண்ணினால் சரியாகும் என்று பெண்ணைத் தள்ளிவிட்டாலோ, அதைப் பண்பாடு என்று நாம் ஏற்கத் தேவையில்லை. ஊராட்சிப் பணம் அந்தப் பக்கம் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. இந்தக் கோட்டை முதல் கூட்டத்திலேயே போட்டுவிடுங்கள், பின்னால் போட முடியாது.

சேலம் மாநகரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வரி மட்டும். அம்மாபேட்டைப் பக்கம் சௌராஷ்டிரமும் தெலுங்கும் பேசும் நெசவாளர் குடும்பங்கள், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைத் தொழிலாளிகள் என்று அங்கேயும் தேவை இருக்கிறது. அங்கே வழி மாநகராட்சியும் நகர்ப்புற நலவாழ்வு மையங்களும். கணக்குத் தலைப்புகள் வேறு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

முகாம் இல்லாத நாளில் யாராவது தவித்துப்போய் வந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கொடுங்கள். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. 2022இல் வந்த சேவை. மலையில் சிக்னல் கிடைக்கும் பாறை எது என்று உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

யாரிடம் போவது என்ற கேள்விக்கு வருகிறேன். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பின் பொறுப்பு தனி அலுவலரிடம், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போனது. நீங்கள் போகும் நாளில் நாற்காலியில் யார் இருந்தாலும் முதல் மனு அங்கே. நகல் ஒன்று வட்டார மருத்துவ அலுவலருக்கு, ஒன்று மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்துக்கு, ஒன்று பழங்குடியினர் நலத் திட்ட அலுவலருக்கு. மூன்று நகலிலும் 'இதில் இன்னின்ன செலவை மற்றவர் ஏற்கிறார்' என்று பிரித்து எழுதுங்கள். அடுத்தவர் பணம் போடுகிறார் என்று தெரிந்தால்தான் இங்கே ஒவ்வொருவரும் பணம் போடுவார்கள்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் அக்டோபர் 2ஐப் பிடியுங்கள். அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்ட வேலை அன்றுதான் தொடங்கும், அதில் வராத வேலைக்குப் பணம் பின்னால் ஏறாது. மே 1ஐ நம்பாதீர்கள், அந்த மாதம் ஊருக்கெல்லாம் சேர்வராயன் கோயில் திருவிழா நினைப்புதான். ஜனவரி 26க்கு விட்டால் பழம் பறிப்பு நடந்துகொண்டிருக்கும், கூட்டத்தில் கைதூக்க வேண்டிய பெண்களெல்லாம் செடி நடுவில் கூடையோடு நிற்பார்கள்.